மேலோ நகரத்து மெட்டும் மதுரை மீனாட்சியும்

இசைப்பாடலை ஆராயப் புகுவோர் சொல்லையும் பொருளையும் ஆராயும் அளவுக்கு மெட்டின் பிறப்பை ஆராய்வதில்லை. மெட்டு எங்குப் பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது, என்ன கருத்தைச் சுமந்து வந்தது என்று வினவினால் பழகிய பாடலும் புதுமுகம் காட்டும். முத்துசுவாமி தீட்சிதரின் 'வந்தே மீனாட்சி' அத்தகையது. மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இசை பயிலும் நம் சிறுவர்கள் இதனை உற்சாகத்தோடு பாடக் கேட்கிறோம். இதன் மெட்டு அயர்லாந்து நாட்டு ஆடல் மெட்டு என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போர் சிலரே.

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிளாக்வாட்டர் ஆற்றின் கரையில் உள்ள ஊர் மேலோ. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஊற்றுநீரை நாடிச் செல்வக் குடியினர் வந்து கூடினர். அவர்களுள் குடித்தும் கூத்தாடியும் பொருளை அழித்த இளைஞரைப் பற்றி எழுந்த பாட்டே 'தி ரேக்ஸ் ஆஃப் மேலோ'. 'மேலோ நகரத்து ஊதாரிகள்' என அதனைத் தமிழாக்கலாம். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மெட்டு லண்டனில் அச்சேறியது. பிடில் வாசிப்போர் அதனை ஆடற்களத்தில் வாசித்தனர். குழலும் முரசும் கொண்ட படையினர் அணிநடைக்கு எடுத்துக்கொண்டனர். 1952இல் ஜான் போர்டு இயக்கிய 'தி கொயட் மேன்' திரைப்படத்திலும் அது ஒலித்தது.

கம்பெனிப் படையில் அயர்லாந்தினர் பெருந்தொகையாக இருந்தனர். படை சென்ற வழியே பாட்டும் சென்றது. மணலிச் செல்வரான சின்னைய முதலியாரின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் வாழ்ந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியர் பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது என்பர். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதனை நம் இசைக்கு உரியதாக்கினார். தமையனாரோ கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சொல் அமைத்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் இவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயர் தம் அரசரை வாழ்த்தும் மெட்டும் இவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' என்று உருமாறி நிற்கிறது. 1905இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'பிரதமாப்யாச புஸ்தகமு' இவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவற்றைக் காத்துத் தந்தது.

இனிப் பாடலின் திறத்தைக் காண்போம். மெட்டு ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே துள்ளித் தொடங்குவது. சுரங்கள் சங்கராபரணத்துக்கு உரியவையே. ஆயினும் அசைவு இல்லை, கமகம் இல்லை. ஆடுவோர் கால்களுக்கென அமைந்த மெட்டு இடைவெளி தராது. ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து என்பதே அதன் நியதி. தீட்சிதர் இக்கட்டளைக்கு முழுமையாக உட்பட்டார். நெடிலும் குறிலும் மெட்டின் நடையோடு ஒத்து இயங்குகின்றன. குடியரின் களியாட்டைப் பாடிய துள்ளல், அம்மையைப் பணியும் குழந்தையின் துள்ளலாகி விடுகிறது. சுரம் மாறவில்லை, சுவை மாறிவிட்டது. இதுவே இப்பாடலின் வெற்றி.

குறையும் கூறவேண்டும். அதே மீனாட்சியைத் தீட்சிதர் பாடிய 'மீனாட்சி மே முதம்' என்னும் கிருதியை அருகே வைத்துப் பார்க்கலாம். 1835இல் எட்டயபுரத்தில் அவர் உயிர் பிரிந்த வேளையில் சீடர்கள் பாடியதாக மரபு போற்றும் கிருதி அது. அங்குச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இராகம் விரிகிறது. கேட்போர் நெஞ்சு நின்று உருகுகிறது. நோட்டுஸ்வரத்திலோ அடைமொழிகள் விரைந்து தொடர்கின்றன; எதிலும் நின்று திளைக்க நேரமில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது. எனினும், இரண்டும் ஒருவர் வாக்கு என்பதாலேயே இரண்டும் ஒரு தரம் என்று புகழ்வதும் திறனாய்வு ஆகாது.

இதனைப் பிறர் இசைக்கு அடிமைப்பட்ட செயல் என்று ஒதுக்குவாரும் உளர். அவர்களுக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774-1864) நினைவூட்டுவோம். தீட்சிதர் காலத்தவரான அவர், ஐரோப்பியர் கொணர்ந்த சமயத்தை நம் பண்ணிலும் குறவஞ்சியிலும் பாடினார். தீட்சிதரோ ஐரோப்பியர் மெட்டில் நம் தெய்வத்தைப் பாடினார். ஒருவர் பொருளை ஏற்றுத் தம் வடிவில் தந்தார். மற்றவர் வடிவை ஏற்றுத் தம் பொருளைத் தந்தார். இருவரும் தம்மை இழக்கவில்லை. மேலும், கடன் வாங்கிய மெட்டில் தம் இராக வன்மையைத் தீட்சிதர் திணிக்கவில்லை என்பதையும் எண்ணவேண்டும். பிறர் பொருளைப் பிறர் பொருளாகவே மதிக்கும் பெருந்தன்மை அது. இன்று அதற்குக் கமகம் பூட்டிப் பாடுவோர் இவ்வடக்கத்தைக் கெடுக்கின்றனர்.

மராத்திய மண்ணில் வாழும் தமிழராகிய நமக்கு இச்செய்தி வெறும் இசை வரலாறு அன்று. நம் பிள்ளைகள் நாள்தோறும் பிறமொழி ஓசைகளிடையே வளர்கின்றனர். அவ்வோசைகளைக் கேளாதே என்று அவர்களைத் தடுத்தல் இயலாது; தடுத்தலும் வேண்டா. கேட்டதில் தம் சொல்லை அமைக்கும் ஆற்றலே வேண்டுவது. ஆதலின் 'வந்தே மீனாட்சி'யைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேலோ நகரத்தின் கதையையும் பாடலின் பொருளையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக. மெட்டின் பிறப்பை அறிந்து பாடும் பிள்ளை, அதனைப் பாடியவரின் பெருமையையும் தானே அறியும்.