கோழிமேல் போட்ட வழக்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும் சிப்காட் வந்ததை மூக்கு சொல்லிவிடும். அந்தத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊரொன்றில் என் நண்பர் வீடு. அவருடைய அம்மா கொல்லையில் வளர்த்த நாட்டுக்கோழி ஒன்று மூன்று வயதைத் தாண்டியது. இரை எடுத்தபடியேதான் இருந்தது. ஆனால் நாளுக்கு நாள் நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்தியது, கொண்டை வெளுத்தது, ஒரு கால் நொண்டியது. அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்க ஜவ்வரிசி தூவியதுபோல வெளுத்த முடிச்சுகள். சட்டியை ஓரமாக வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "ஏம்பா, இது டிபிதான? அவருக்கு வந்ததும் இதுங்களாலதானோ?"

'அவர்' என்றால் வீட்டுக்காரர், பத்தாண்டுக்கு முன் ஆறு மாதம் மாத்திரை விழுங்கித் தேறியவர்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. ஏறக்குறைய இதே வழக்கை விஞ்ஞானிகள் தமிழ்நாட்டு மண்ணை வைத்தே அரை நூற்றாண்டாக நடத்தி வருகிறார்கள். கோழிக் காசநோய்க் கிருமியின் வகையறாதான் நம் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைத் தோற்கடித்தது என்பது அங்கே குற்றச்சாட்டு.

முதலில் அம்மாவின் வழக்கு. ஈரலில் முடிச்சு கண்டதும் காசநோய் என்று முடிவு கட்டக்கூடாது; ஈ.கோலை கிருமியும் இப்படி முடிச்சு போடும். முடிச்சைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயமேற்றி, சிவப்புக் குச்சிகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே கால்நடை மருத்துவர் பெயர் சொல்வார். காசநோயே என்றாலும் அது மைக்கோபாக்டீரியம் ஏவியம். மனிதரைப் படுக்கவைப்பது மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ். ஒரே குலம், வேறு வீடு; இரண்டும் வேறென்று 1890 வாக்கிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். மனிதக் கிருமி கோழியுடம்பில் நோயாக வேர்பிடிப்பது மிக அரிது. வீட்டுக்காரருக்கு வந்தது இன்னொரு மனிதரின் இருமலிலிருந்து. கறிக்கடை பிராய்லரில் இந்த முடிச்சைப் பார்க்க முடியாததற்கும் காரணம் எளிது: நோய் முற்ற மாதக்கணக்காகும், பிராய்லரின் ஆயுளோ ஆறு வாரம்.

ஆனால் இரண்டு உடம்பும் இந்தக் குலத்தை எதிர்கொள்ளும் விதத்தை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மனிதருக்குள் கிருமி மூச்சோடு போகிறது. நுரையீரலின் காற்றறையில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் அணு அதை விழுங்குகிறது, கிருமியோ விழுங்கியவன் வயிற்றிலேயே குடித்தனம் நடத்துகிறது. டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து இண்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்த பிறகுதான் மேக்ரோஃபேஜுக்குக் கொல்லும் தெம்பு வருகிறது. கொல்ல முடியாததைச் சுற்றி முடிச்சு கட்டி அடைத்துவைக்கிறது உடம்பு. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சிறையோடே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள்.

கோழி, கிருமியைக் கொத்தித் தின்கிறது. அதனால் குடல், ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று போகும் பாதை; நுரையீரல் பெரும்பாலும் தப்பிவிடும். நொண்டியதற்கும் மஜ்ஜை காரணமாக இருக்கலாம். நமக்குள்ள நியூட்ரோஃபில் அணுக்களின் இடத்தில் கோழிக்கு ஹெட்டிரோஃபில். சீழை இளக வைக்கும் நொதியம் அவற்றில் குறைவு, ஆகவே கோழிக்குக் கட்டி உடைந்து சீழ் வழிவதில்லை, பாலாடைக்கட்டிபோல இறுகிவிடுகிறது. சுவரை அழகாகத்தான் கட்டுகிறது. உள்ளே கிருமி குவிந்தபடியே இருக்கிறது, குடல் பக்கம் வாசல் திறக்கிறது, எச்சத்தோடு மண்ணுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. நம் முன்கையில் மாண்டூ ஊசி போட்டு வீக்கம் பார்ப்பதுபோல, கோழிக்குத் தாடியில் ஊசி போட்டு 48 மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். வீக்கம் இரண்டு இடத்திலும் டி செல்களின் வேலைதான். கோழி தோற்பது டி செல் இல்லாததால் அன்று. கட்டுவதில் கெட்டி, கொல்வதில் மந்தம்.

எய்ட்ஸ் முற்றி டி செல்கள் கிட்டத்தட்ட காலியான மனிதரிடம் ஏவியம் பரவும்போது அது எங்கே போகிறது என்று பாருங்கள்: குடல், ஈரல், மண்ணீரல், மஜ்ஜை. கோழியின் அதே வரைபடம். அங்கே முடிச்சுகூடச் சரியாக விழாது. 1996-ல் இண்டர்ஃபெரான் காமாவின் ஏற்பியே பழுதாகப் பிறந்த குழந்தைகளை அடையாளம் கண்டார்கள். பிசிஜி ஊசியின் சாதுவான கிருமியும், ஏவியம் போன்ற சுற்றுப்புறக் கிருமிகளுமே அவர்களை வீழ்த்தப் போதுமானவையாக இருந்தன. ஆக, சராசரி மனிதருக்கு ஏவியம் எதிரியே இல்லை என்பது நம் டி செல்களின் சாமர்த்தியம்.

இன்னொன்று. மனிதரிடம் பிடிபடும் ஏவியம் பெரும்பாலும் ஹோமினிசுயிஸ் என்ற உள்வகை. தண்ணீரிலும் மண்ணிலும் குழாயின் உட்பாசியிலும் வாழ்வது, குளோரினுக்கு எளிதில் மசியாதது. கோழியின் ஈரலில் இருப்பது வேறு உள்வகை. 2002-ல்தான் பெயரை முறையாகப் பிரித்தார்கள். பெயரில் பறவை இருப்பதாலேயே பறவையைக் கூண்டில் ஏற்றிவிட்டோம்.

இனி பெரிய வழக்கு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கிய பிசிஜி சோதனை. பதிவானவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்குக் குலுக்கல் முறையில் பிசிஜியோ வெற்று மருந்தோ போட்டார்கள். டேனிஷ், பிரெஞ்சு என்று இரண்டு கிருமி வகை, கூடிய அளவு, குறைந்த அளவு. இரண்டரை ஆண்டுக்கொருமுறை ஊர் முழுக்கத் தேடினார்கள், 15 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் தொற்று இல்லாதிருந்த 1,09,873 பேரில் 560 பேருக்குச் சளியில் கிருமி வளரும் காசநோய் வந்தது. பெரியவர்களுக்கு ஊசியால் பாதுகாப்பு சுத்தமாக இல்லை. சிறுவர்களுக்கு 27 விழுக்காடு. அதன் நம்பிக்கை இடைவெளியின் கீழ் எல்லை சுழிக்கும் கீழே போகிறது. இங்கிலாந்தில் 1950-ல் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கிய சோதனையில் முக்கால் பங்குக்கு மேல் பலன் தந்த ஊசி இது.

ஊசி செத்த ஊசியா? இல்லை. போட்ட இரண்டரை மாதத்தில் மாண்டூ வீக்கம் நன்றாகத் தெரிந்தது. இரண்டரை ஆண்டில் வெகுவாக வடிந்தது. தோலில் வீக்கம் தெரிந்தால் நெஞ்சில் காவல் நிற்கிறது என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது.

அப்போதுதான் சுற்றுப்புறக் கிருமியைச் சாட்டினார்கள். 1994-ல் வெளியான ஆய்வில், சோதனை நடந்த பகுதியின் மண்ணிலும் தண்ணீரிலும் தூசியிலும் இந்தக் குலத்தார் தாராளமாகக் கிடைத்தார்கள். ஏவியம் வகையறாவும் உண்டு. வாதம் இரண்டு. ஒன்று, இவையே ஓரளவு காப்புத் தந்துவிட்டதால் ஊசிக்குச் சேர்க்க மிச்சமில்லை. 1966-ல் கினிப்பன்றிகளிடம் பால்மரும் லாங்கும் இதைக் காட்டினார்கள். இரண்டு, ஏற்கெனவே விழித்திருக்கும் டி செல்கள் பிசிஜி கிருமியையே பெருகவிடாமல் தீர்த்துவிடுகின்றன. மலாவியிலிருந்து கொண்டுவந்த ஏவியத்தை வைத்து 2002-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள்.

இரண்டையும் எடைபோட்டால் இரண்டாவதுதான் கனக்கிறது. முதல் வாதம் சரியென்றால் ஊசி போடாதவர்களும் ஓரளவு காப்போடு இருந்திருக்க வேண்டும். அதே மண்ணில் காசநோய் தலைவிரித்தாடியதை அது விளக்கத் திணறுகிறது. தொற்றே படாத பிள்ளைகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் போட்டால் பலன் கூடுகிறது என்று 2014-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கும் இரண்டாவதன் பக்கம். ஆனாலும் ஊசியின் சுழிப் பலனை முழுக்கச் சுற்றுப்புறக் கிருமியின் தலையில் கட்ட நான் தயாரில்லை. திருவள்ளூரில் நோய் பெரும்பாலும் ஏற்கெனவே காசநோய்க் கிருமி தொற்றியிருந்தவர்களிடமிருந்தே வந்தது. நிஜத் தொற்றே மறுதொற்றையும் உறங்கும் கிருமி விழிப்பதையும் முழுக்கத் தடுக்காதபோது, அதன் நகலான ஊசி தடுக்கும் என்று எதிர்பார்த்ததில்தான் பாதிப் பிழை.

1955-ல் பிசிஜிக்கு எதிராகக் கிளம்பிய ராஜாஜி ஜெயித்துவிட்டார் என்று இந்தச் சோதனையைக் காட்டிச் சொல்வோர் உண்டு. ஒப்ப முடியாது. உயிருள்ள கிருமியைப் பிள்ளைகளுக்கு ஏற்றலாமா என்பது அவர் அச்சம். ஏற்றியதால் கெடுதல் என்று திருவள்ளூர் சொல்லவில்லை. சோதனை கேட்டதே சளியில் கிருமி தெரியும் நுரையீரல் நோயைப் பற்றி மட்டும். கைக்குழந்தையின் மூளைக்காய்ச்சலாகவும் உடலெங்கும் பரவுவதாகவும் வரும் காசநோயில் பிசிஜி ஏறக்குறைய முக்கால் பங்கைத் தடுக்கிறது. "அப்ப பேரனுக்குப் போட்டது?" என்று அம்மா கேட்டபோது, அது வேறு கணக்கு, தழும்பு அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அம்மாவுக்கே இப்போது போடலாமா என்றால்தான் தயங்குவேன். 60 வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, முன்பு காசநோய் வந்தவர், நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர் என்று பெரியவர்களுக்கு மறுபடி பிசிஜி போட்டுப் பார்க்கும் ஆய்வு 2024-ல் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. சுற்றுப்புறக் கிருமியோடு பல்லாண்டு பழகிய உடம்புகள். திருவள்ளூரில் ஊசி தோற்றதும் இத்தகைய உடம்புகளில்தான். ஊசி போட்ட பகுதியைப் போடாத பகுதியோடு ஒப்பிடும் முறை வேறு. ஒரு பகுதியில் சளிப் பரிசோதனை சுறுசுறுப்பாக நடந்தாலே எண்ணிக்கை புரண்டுவிடும். 1968-ல் அப்படி இல்லை: குப்பிக்குள் இருப்பது பிசிஜியா வெற்று மருந்தா என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, கையை நீட்டியவருக்கும் தெரியாது.