ஆணி படாத உடம்பு

ஆலப்புழை போய்வருகிறவர்கள் கெட்டுவள்ளம் என்னும் படகுவீட்டின் கூரை வளைவையும் மூங்கில் சன்னலையும் படமெடுத்து வருகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூரை பின்னால் வந்தது. என் கண் அதற்குக் கீழே, பலகையும் பலகையும் சேரும் இடத்தில் ஓடும் கயிற்றுத் தையலை விட்டு நகராது.

ஆஞ்சிலிப் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஓரமாகத் துளையிட்டு, இணைப்பின் மேல் தேங்காய் நாரைத் திரியாக வைத்து, அதன்மேல் கயிறு குறுக்கும் மறுக்குமாகப் போய்வரும். கயிற்றை இறுக்குவதில்தான் ஆளின் தரம் தெரியும். தளர்ந்தால் தண்ணீர் கசியும். மிஞ்சினால் துளையின் வாய் பிளந்துவிடும். நல்ல கைப்பட்ட வள்ளத்தில் முன்முனையிலிருந்து பின்முனைவரை எல்லாக் கண்ணும் ஒரே சாய்வில் விழுந்திருக்கும். முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் ஊறிக் கறுத்த பலகைமேல் அந்த வரிசையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கயிறு நைந்தால் பிரித்துப் புதுக்கயிறு போடலாம். பலகை அப்படியே நிற்கும். ஆணியடித்த படகில் துரு மரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பழவேற்காட்டுப் பக்கத்து ஆளான எனக்கு இந்தத் தையலில் சொந்த உரிமை உண்டு. சென்னைக்குத் துறைமுகம் வருமுன், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்த மசூலாவும் தைத்த படகுதானே? விலாச்சட்டம் கிடையாது, ஆணி கிடையாது. அலை அறையும்போது உடம்பு நெளிந்து கொடுத்தது. அதனால்தான் உடையாமல் நின்றது. மலையாளக் கரையின் கைவேலை என்று கெட்டுவள்ளத்தை முழுதாக எழுதிக்கொடுத்துவிடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் கால்வாய்ப் படகுகளுக்கோ அப்படிப் பேச ஆளே இல்லாமல் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்பவர் வெட்டத் தொடங்கி, 1878இல் பக்கிங்காம் பெயர் பெற்ற அந்த நீர்வழியில் ஸ்ரீஹரிகோட்டா விறகும், உப்பும், சுண்ணாம்புக்கான பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சலும் சென்னைக்குப் போயின. ஏரியில் காற்றிருந்தால் பாய். கால்வாய்க்குள் நுழைந்தபின் கழி, அல்லது கரையில் நடந்து கயிறு இழுக்கும் ஆட்கள். நகரத்து விறகுத்தொட்டிகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்தவை அந்தப் படகுகள். புயல்கள் கால்வாயைத் தூர்த்தன, சரக்கை லாரி வாங்கிக்கொண்டது, நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நீரிலேயே இறங்கின. வேலை போன படகுக்கு வேறு வேலை கொடுக்கலாம் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை. சுனாமிக்குப் பின் குப்பங்களில் ஃபைபர் படகு பெருகிற்று. இலேசு, பராமரிப்புக் குறைவு, வேகம் என்று மீனவர்கள் சொல்வது நியாயம்தான். பிழைப்புக்குப் போகிறவரிடம் அழகு பேச எனக்கு வாய் வராது.

ஆகவே, நெல் சுமந்த வள்ளத்தில் கட்டில் போட்டது அவமானம் என்று கொதிக்கும் நண்பர்களோடு நான் சேரமாட்டேன். முப்பது டன் வரை குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிப்போன உடம்பு அது. சாலை வந்து அந்தச் சரக்கும் போனபோது, 1990களின் தொடக்கத்தில் சிலர் அதன்மேல் அறை கட்டினார்கள். நெல்லுக்காக அகட்டிய வயிறு, அறைக்கும் போதுமாக இருந்தது. அடியில் பலகை அதேதான், தையல் அதேதான். நம் விறகுப் படகுகளுக்கு வாய்க்காதது இது.

என் வருத்தம் அதற்குப் பிறகு வந்தவற்றில். இரண்டு மாடி, குளிர்சாதனம், ராத்திரி முழுக்க உறுமும் ஜெனரேட்டர். ஒரு நாளும் நெல் ஏற்றாமல், சுற்றுலாவுக்கென்றே கட்டிய உடம்புகள். அவற்றின் விளம்பரத்திலும் பழைய வள்ளத்தின் புகழே ஓடுகிறது. வாடகை பேசுமுன் தரைப்பலகையைத் தூக்கி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள். பழைய வள்ளம் வைத்திருப்பவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். எந்தப் பலகை மாற்றியது, எங்கே மறுபடி தைத்தது என்றும் சொல்வார்.

கை இன்னும் அற்றுப்போகவில்லை. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ்வி கவுண்டின்யா முழுக்கத் தைத்த கப்பல். அஜந்தா ஓவியத்தைப் பார்த்து வடித்தது. அதைத் தைத்தவர்கள் பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கலைஞர்கள். ஓவியத்திலிருந்து ஒரு கப்பலையே எழுப்ப முடிகிறபோது, கண்ணால் கண்ட மூத்தவர்கள் இன்னும் இருக்கிற பழவேற்காட்டில் ஒரு கால்வாய்ப் படகைக் கட்டுவது அரிதில்லை. பக்கிங்காம் கால்வாயைத் தேசிய நீர்வழி 4இல் சேர்த்து 2008இலேயே அறிவித்தாயிற்று. ஏரியில் விட ஒரு படகு கட்டும் நாள் வந்தால், பாபு சங்கரன் குழுவை அழைத்துவந்து மசூலாத் தையலில் கட்டுங்கள்; நம் குப்பத்துப் பையன்கள் நாலு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கயிறு இறுக்கக் கற்றுக்கொடுங்கள்.