துணி ஸ்டீமர்: சேலைக்கு ஏற்றது, பஞ்சு ரஜாய்க்கு ஏற்றதல்ல

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், திருச்சி உறையூர் வீடுகளின் பீரோ அடித்தட்டில் மடித்து வைத்த ரஜாயும் ஜமுக்காளமும் மக்கிய வாடை வீசத் தொடங்கும். அதற்கு மருந்தாகக் கடைகளில் இப்போது முன்னே வைக்கப்படுவது, கையில் பிடித்து இயக்கும் துணி ஸ்டீமர். சுருக்கம் நீங்கும், நாற்றமும் கிருமியும் போகும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும். சுருக்கம் நீங்குவது உண்மை. நாற்றம் போவது துணியின் தடிமனைப் பொறுத்தது. துணி நாற்றத்தில் பெரும்பங்கு ஈரத்தால் வருவது. ஸ்டீமரோ ஈரத்தைக் கொண்டே வேலை செய்யும் கருவி. வாங்குமுன் இந்த முரணைப் புரிந்துகொண்டால் போதும், பணம் வீணாகாது.

சுமார் 1500 வாட் திறனும் 250 மில்லி தொட்டியும் உள்ள கருவியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 25 கிராம் அளவில் நீராவி விட்டால் பத்து நிமிடத்தில் தொட்டி காலியாகும். மின்சாரம் கால் யூனிட் ஆகும். கைத்தறிப் பருத்திச் சேலையில் ஆவி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறிவிடும். இழையில் ஒட்டிய லேசான வியர்வை வாடையும் சமையல் புகை வாடையும் பெரும்பாலும் சூட்டில் ஆவியாகி அதனோடு போகும். மிஞ்சும் ஈரம் மின்விசிறிக் காற்றில் சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். உறையூரின் பழம்பெருமையே மெல்லிய பருத்தித் துணிதான். கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்கக் கடல்வணிக நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் 'அர்கரு' மஸ்லின், உறையூர்த் துணியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அத்தகைய துணிக்கு இந்தக் கருவி நன்றாகவே உதவும். கஞ்சி போட்ட சேலையில் மட்டும் கவனம் தேவை. நீராவியில் கஞ்சியின் விறைப்பு தளரும். ஈரம்பட்ட கஞ்சி பூஞ்சைக்குத் தீனியாகும். மாதக்கணக்கில் எடுத்துவைக்கப் போகும் சேலையைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து மடிப்பதே நல்லது.

பஞ்சு ரஜாயில் கதை தலைகீழ். 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை உறிஞ்சி வைத்திருக்கும்; பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வைத்திருக்காது. ஆக, தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் இரண்டு கிலோ ரஜாயில் ஏற்கெனவே 160 கிராம் நீர் இருக்கிறது. அதன்மேல் நீராவி பிடித்தால், மேலுறை சூடாகும்; ஆவி குளிர்ந்து நீராகிப் பஞ்சுக்குள் இறங்கும். பஞ்சு தன் இழைகளுக்கிடையே காற்றை அடைத்து வைத்திருப்பதால்தான் ரஜாய் நம்மைக் குளிரிலிருந்து காக்கிறது. அதே காரணத்தால் வெளிச்சூடும் விரைவில் உள்ளே போகாது. நாற்றம் குடியிருக்கும் நடுப்பகுதிக்குச் சூடு சேராமல் ஈரம் மட்டும் சேர்கிறது. ஸ்டீமர் பிடிக்குமுன் ஒருமுறையும் பிடித்தபின் ஒருமுறையும் ரஜாயை எடைபோட்டுப் பாருங்கள்; கூடிய எடை முழுக்க உள்ளே தங்கிய நீர்தான்.

நீராவி கிருமியைக் கொல்லுமே, நாற்றம் அதோடு ஒழியாதா என்று கேட்கலாம். ஆவி நின்று தங்கும் இடத்தில் கொல்லும் என்பது சரியே. ஆனால் துவைத்தும் போகாத ஈரத்துணி வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயன்சிஸ் என்ற பாக்டீரியா காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எங்கும் காணப்படும் உயிரி அது. மேற்பரப்பில் இருப்பதைக் கொன்றாலும், உள்ளே ஈரம் இருக்கும்வரை மறுபடியும் பெருகும். நறுமண ஸ்பிரே போதுமே என்பாரும் உண்டு. சில ஸ்பிரேக்களில் உள்ள சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருள் வாடை மூலக்கூறுகளை உண்மையாகவே பிடித்துவைக்கும்; ஆனால் வாடையை உண்டாக்கும் கிருமியை அது ஒன்றும் செய்வதில்லை. அந்துருண்டை வாடையை மூடி மறைப்பதோடு சரி. மேலும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டை போட்டு வைத்த துணியே சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் அதற்கு இடமே கூடாது.

எல்லா நாற்றமும் ஈரத்தால் வருவதில்லை என்பதும் நியாயமான மறுப்பு. சுருட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் புகையிலை வாடையைச் சொல்லாமல் விட முடியாது. நிகோடின் காரத்தன்மை உள்ளது. அலசும் நீரில் சிறிது வினிகர் சேர்த்தால் அது நீரில் கரையும் உப்பாக மாறி வெளியேறும். நாள்பட்ட சிறுநீரின் அமோனியா வாடைக்கும் வினிகர் உதவும். ஊறிப்போன வியர்வையின் புளித்த வாடை அமிலத்தால் வருவது. அதற்குச் சமையல் சோடா. இந்த மூன்றையும் துவைத்து அலசித்தான் போக்க முடியும். மேலே பட்டுப்போகும் நீராவி அலசாது. இலவம்பஞ்சை மட்டும் துவைக்கக் கூடாது; உறையைக் கழற்றித் துவைத்து, பஞ்சை வெயிலில் உதறிப் போட வேண்டும்.

ரஜாயின் ஈரத்தைப் போக்க வெயிலில் காயவைப்பதே வழி. அதற்கு, வெயில் சாயத்தை வெளுக்கும், மழைக்காலத்தில் வெயிலே இராது என்ற இரண்டு தடைகள் மிச்சம். சாயத் துணியை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழற்காற்றில் உலர்த்தலாம். மழைநாளில் ரஜாயை இரண்டு நாற்காலிகளுக்கு மேல் விரித்து, 75 வாட் மின்விசிறியை ஆறு மணி நேரம் ஓடவிட்டால் அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். நடுவில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். எல்லாவற்றையும்விட மேலானது முன்யோசனை. திருச்சியின் சித்திரை வெயில் வாட்டும் வெயில். அந்த வெயிலில் இரண்டு நாள் மொட்டைமாடியில் புரட்டிப் புரட்டிக் காய்ந்த ரஜாயை, சூடு ஆறியபின் மடித்துக் காற்றோட்டமான பருத்தி உறையில் வைத்தால், மழைக்கால நாற்றம் பெரிதும் குறையும்.

சேலை, சட்டை, திரைச்சீலைக்காக ஸ்டீமர் வாங்குவதானால் தயங்காமல் வாங்குங்கள். ரஜாய், மெத்தை, தலையணை நாற்றத்துக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். ஈரத்தால் வரும் நாற்றத்தை மொட்டைமாடி வெயிலும் மின்விசிறிக் காற்றும் அதைவிட நன்றாகப் போக்கும்.