தோளுக்கு ஏற்ற ஆட்டம்

அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தின் நீளம் 100 கஜம். அகலம் 53 கஜமும் ஓர் அடியும். ஆட்டத்தை வகுத்தவர்களில் பெரும்பாலோர் நீளத்தின் மேல்தான் கண் வைத்திருந்தார்கள். முட்டி மோதி மூன்று கஜம், நாலு கஜம் என்று முன்னேற வேண்டும். வழி கிடைத்தால் பந்தை வெகுதூரம் வீச வேண்டும். 1970இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் துணைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் அகலத்தைப் பார்த்தார். அப்படிப் பார்க்க வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது, வெகுதூரம் வீச முடியாத ஒரு தோள்.

இந்த ஆட்டம் பழகாதவர்களுக்கு ஓரிரு வார்த்தை. அணிக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. ஓடுகிறவரிடம் கொடுப்பதா, ரிசீவருக்கு வீசுவதா, தானே ஓடுவதா என்று அவர் முடிவுசெய்ய மூன்று விநாடி கிடைத்தாலே அதிகம். எதிரே ஒவ்வொருவரும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்.

பெங்கால்ஸ் 1968இல் பால் பிரௌன் தொடங்கிய புது அணி. அடுத்த ஆண்டு கிரெக் குக் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். உயரம், வேகம், வானத்தைத் தொடும் வீச்சு, எல்லாம் ஒருங்கே அமைந்தவர். முதல் மூன்று ஆட்டங்களிலும் வெற்றி. ஆனால் அந்த மூன்றாவது ஆட்டத்தில், கான்சஸ் சிட்டிக்கு எதிராக, அவருடைய தோள் தசைநார் கிழிந்தது. காயம் என்னவென்று சரியாகத் தெரியாமலே அந்தப் பருவத்தில் மீண்டும் களமிறங்கி ஆடினார். அப்படி ஆடியும் வீச்சுக்கு சராசரி 9.4 கஜம் எடுத்தார். அதோடு முடிந்தது, அந்தத் தோள் பிறகு தேறவேயில்லை.

குக்கின் இடத்துக்குக் கடைசியில் வந்து நின்றவர் வர்ஜில் கார்ட்டர், சிகாகோவில் ஆடியவர். நீண்ட வீச்சு அவருக்கு வராது. ஆனால் கிட்டத்தில் வீசினால் குறி தப்பாது. கால் சுறுசுறுப்பு உண்டு. மூளை அபாரம்: களத்தின் எந்த இடத்தில் பந்து கிடைத்தால் எத்தனை புள்ளிக்கு வழியுண்டு என்று கணக்கிட்டு, 1971இல் ராபர்ட் மக்கோலுடன் சேர்ந்து ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையே எழுதியவர் அவர்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு வால்ஷ் செய்ததைச் சட்டென்று புரிந்துகொள்ள முடியும். ஐந்து கட்டையில் பாடியவரின் உருப்படிகளை ஒரு கட்டைச் சாரீரத்துக்காரரிடம் கொடுத்து அதே சுருதியில் பாடச் சொன்னால் மேல் ஸ்தாயியில் குரல் பிசிறும், சபை நெளியும். சுருதியை இறக்கி, அந்தச் சாரீரம் எங்கே நின்று நிலைக்கிறதோ அங்கே ராகத்தை விரித்தால் அதே ஆள் உட்கார்ந்தவர்களை எழவிடமாட்டார். வால்ஷ் சுருதியை மாற்றினார். குக்குக்காக எழுதிய ஆட்டத்தைக் கார்ட்டர் மேல் திணிக்கவில்லை. இந்தத் தோளால் எட்டக்கூடிய இடங்கள் எவை என்று அளந்தார். ஏறக்குறைய பன்னிரண்டு கஜ ஆழம். பக்கவாட்டில் மைதானம் முழுக்க. அந்த இடத்துக்குள் ஐந்து பேரை ஓடவிட்டு, அவர்களில் யாராவது ஒருவர் எப்போதும் தனியே கிடைக்கும்படி ஓட்டங்களைப் பின்னினார்.

அந்தப் பின்னலில் ஓர் இழையை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். அதன் பெயர் ஸ்லான்ட். ரிசீவர் மூன்று காலடி நேராக ஓடி, சட்டென்று உள்பக்கமாகச் சாய்வாக வெட்டுகிறார். அதே நேரத்தில் குவார்ட்டர்பேக்கும் மூன்று காலடி பின்னுக்கு வைக்கிறார். அவருடைய பின்னங்கால் தரையில் ஊன்றிய கணத்தில் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அப்போது ரிசீவர் திரும்பிப் பார்த்திருக்கக்கூட மாட்டார். பந்து போவது ஆள் இருக்கும் இடத்துக்கு அல்ல, அவர் வரப்போகும் இடத்துக்கு. அதிலும் மார்புக்கு ஓர் அடி முன்னால் வந்தால்தான் ஓட்டத்தின் வேகம் குறையாமல் வாங்கிக்கொண்டு போக முடியும். முதுகுப் பக்கம் வந்தால் உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பிய அந்த அரை நொடியில் எதிராளி மேலே விழுந்துவிடுவார். பிடித்தால் போதும் என்று வால்ஷ் விடமாட்டார். எப்படிப் பிடிக்கும்படி வீசினாய் என்பதே அவருடைய கேள்வி. சரியாக வீசப்பட்ட 5 கஜப் பந்து 30 கஜ ஓட்டமாக விரிவதைப் பழைய ஒளிப்பதிவுகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். தோளில் இல்லாத தூரத்தை ரிசீவரின் கால்கள் கொடுத்துவிடுகின்றன.

இதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. குவார்ட்டர்பேக்கின் காலடிகளும் ரிசீவர்களின் ஓட்டங்களும் ஒரே தாளத்தில் கோக்கப்பட்டிருந்தன. ஐந்தாவது காலடியில் முதல் ஆள் தயார். அவர் மறிக்கப்பட்டிருந்தால், ஒரு சின்னத் துள்ளலில் கண் இரண்டாம் ஆளிடம் போகும். அந்தக் கணத்தில்தான் அவர் திரும்புவார். அவரும் இல்லையென்றால், பந்தை வாங்கி ஓடுகிறவரான ரன்னிங் பேக் பக்கத்திலேயே காத்திருப்பார். இங்கே பந்து வீசுகிறவர் தேடி அலைய வேண்டியதில்லை. வரிசை தெரிந்தால் போதும். கணக்குத் தெரிந்த கார்ட்டருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இருக்க முடியாது.

1970 பருவத்தில் பெங்கால்ஸ் முதல் ஆட்டத்தில் வென்று அடுத்த ஆறிலும் தோற்றது. பிறகு மிச்சமிருந்த ஏழு ஆட்டங்களையும் வரிசையாக வென்று, 8க்கு 6 என்ற கணக்கில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிறந்து மூன்றே வருடமான அணி. மறுவருடம் கார்ட்டரின் வீச்சுகளில் 62.2 சதவீதம் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு என்.எஃப்.எல். லீகிலேயே அதுதான் அதிகம்.

ஒரு குறையைச் சமாளிக்கப் பிறந்த உத்தி ஒருவரோடு நின்றிருந்தால் அதைச் சாமர்த்தியம் என்று சொல்லி விட்டுவிடலாம். 1979இல் வால்ஷ் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்ற அணி அது. அவருடைய முதல் பருவத்திலும் அதே 2 தான். புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் அந்த ஆண்டுத் தேர்வில் 82ஆவது ஆளாக, குவார்ட்டர்பேக் ஜோ மான்டானாவை எடுத்தார். தோளில் பெரிய பலம் இல்லை என்பதுதான் பலருடைய கணிப்பு. வால்ஷ் அவருடைய கால்களைப் பார்த்தார்: இலேசானவை, எந்த நிலையிலும் சமநிலை குலையாதவை. ஓடிக்கொண்டே வீசினாலும் குறி பிசகாது. ஆகவே கார்ட்டருக்காகக் கட்டிய ஆட்டத்தை அப்படியே போர்த்திவிடாமல், பக்கவாட்டில் ஓடியபடி வீசும் நகர்வுகளை மான்டானாவுக்கென்று அதில் சேர்த்தார்.

1982 ஜனவரி 10. டாலஸ் அணி 27க்கு 21 என்று முன்னால் இருக்கிறது. 49அர்ஸ் தன் எல்லையிலிருந்து 11 கஜத்தில் பந்தை வாங்கி, சிறிது சிறிதாக எதிர் எல்லைக்கு 6 கஜம்வரை வந்துவிட்டது. மிச்சம் 58 விநாடி. வால்ஷ் சொன்ன நகர்வு, முதல் கால்பகுதியில் ரிசீவர் ஃபிரெடி சாலமன் டச்டவுன் (எல்லைக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்த அதே நகர்வு. மான்டானா வலப்பக்கம் ஓடுகிறார். சாலமனின் கால் வழுக்கிவிடுகிறது. மூன்று பேர் மான்டானாவைப் பக்கவாட்டு எல்லைக்கோடுவரை துரத்துகிறார்கள். பின்னங்காலில் சாய்ந்தபடி, எல்லைக்கு அப்பாலுள்ள எண்ட் சோனின் பின்கோட்டை நோக்கி உயரமாக வீசுகிறார். எம்பிய இன்னொரு ரிசீவர் ட்வைட் கிளார்க்கின் விரல் நுனிகளில் பந்து அமர்கிறது. டச்டவுனுக்குப் பிறகான கூடுதல் புள்ளியும் சேர்ந்து 28க்கு 27. பார்த்தவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். முதல் ஆள் இல்லையென்றால் இரண்டாம் ஆள் எங்கே வருவார் என்பது அந்த நகர்விலேயே எழுதப்பட்டிருந்தது. பயிற்சியில் ஒத்திகையும் பார்க்கப்பட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் கோப்பையும் வந்தது. தோற்ற அணி பெங்கால்ஸ். அவர்களுடைய குவார்ட்டர்பேக் கென் ஆண்டர்சனும் வால்ஷ் சின்சினாட்டியில் வளர்த்தெடுத்தவரே. ஒகையோ நதிக்கரையில் பிறந்த இந்த ஆட்டமுறைக்குப் பின்னால் நிலைத்த பெயர் ‘வெஸ்ட் கோஸ்ட்’.

வால்ஷின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் குட்டை வீச்சுகளை மட்டும் பிரதி எடுத்தால் அவரைத் தவறவிட்டவர்கள் ஆவார்கள். வெளித்தோற்றத்தில் நேர் எதிரான பால்டிமோர் ரேவன்ஸ் அணிதான் வால்ஷுக்கு நெருக்கமானதாக எனக்குப் படுகிறது. 2018இல் 4 வெற்றி, 5 தோல்வி என்று தடுமாறிய நேரத்தில், 32ஆவது ஆளாகத் தேர்வான குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனிடம் அணி போனது. ரிசீவராக மாறிக்கொள் என்று சிலர் அவருக்கு அறிவுரை சொன்னதுண்டு. ரேவன்ஸ் அவருடைய ஓட்டத்தையே ஆட்டத்தின் ஆதாரமாக்கியது. மிச்சம் ஏழில் ஆறு வெற்றி. 2019இல் அணி ஓடியே 3,296 கஜம் எடுத்தது, அது என்.எஃப்.எல். சாதனை. அவருடைய கால்களுக்கு அஞ்சி எதிரணி முன்னால் நெருங்கி வந்தபோது பின்னால் திறந்த வெளியில் அவர் வீசிய டச்டவுன்கள் 36.

கார்ட்டரும் ஜாக்சனும் ஆடியது ஒரே ஆட்டம் என்று நம்புவதே கடினம். ஆனால் இரண்டு அணிகளும் ஆளைத்தான் முதலில் பார்த்தன. வரைபடத்தைப் பிறகு போட்டன. இதைச் செய்யப் பயிற்சியாளருக்கு ஒரு பணிவு வேண்டும். தனக்குப் பிடித்த ஆட்டம் என்று ஆசையாகச் சேர்த்துவைத்ததை ஒதுக்கிவைத்து, கிடைத்த மனிதனிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பணிவு. என் ரசனையில், பயிற்சிக் கலையின் உச்சம் அதுதான்.

இனி ஓர் ஆட்டம் பார்க்க வாய்த்தால், ஒரு பத்து நிமிடம் பந்தின் பின்னால் கண்ணை அனுப்பாதீர்கள். குவார்ட்டர்பேக்கின் கால்களைப் பாருங்கள். கடைசிக் காலடி ஊன்றும்போதே பந்து கிளம்பி, வாங்குகிறவர் வேகம் குறையாமல் அதை எடுத்துக்கொண்டு போனால், அந்த ஆட்டத்தை யாரோ ஒருவர் அந்தக் குவார்ட்டர்பேக்கின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறார்.