மணியடித்ததும் பிரியும் வகுப்பு

கத்தோலிக்கப் பள்ளியின் 'சமயத்தன்மை' எங்கே இருக்கிறது? சுவரிலிருக்கும் சிலுவையில், காலைச் செபத்தில், வாசலிலிருக்கும் மாதா கெபியில் என்கிறது திருச்சபை. இந்துத்துவம் கைநீட்டுவதும் அதே சிலுவையைத்தான், 'மதமாற்றம்' என்கிறது. இரு தரப்பும் ஒரே இடத்தைப் பார்த்துச் சண்டை போடுகின்றன. இருவருமே பார்க்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். 1952இல் உருவான வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்விட்டு, மறுநாள் திருநீற்றோடு வந்து பள்ளிச் செபத்துக்குக் கைகூப்பி நிற்கிற பிள்ளை இங்கே அதிசயமில்லை. 'எல்லாம் சாமிதான், படிப்பு நல்லாருந்தா சரி' என்பதே பெற்றோரின் இறையியல். செபம் திருநீற்றை அழித்துவிடவில்லை.

மைனர் பிள்ளையைப் பெற்றோர் சம்மதமின்றிச் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3). கத்தோலிக்கப் பள்ளிகளின் பழைய ஏற்பாடும் இதற்கு ஒத்துப்போகிறது: மணியடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் நீதிபோதனைக்கு. நியாயமான ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் எழுந்து போகிறவர்கள் யார்?

வட ஆற்காட்டுப் பகுதிக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் தலித்துகள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஞாயிறு பூசைக்குப் போகிற பல குடும்பங்களின் சான்றிதழில் 'இந்து'. மணியடித்ததும் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போவது? மறைக்கல்விக்குப் போனால் சான்றிதழ் கேள்விக்குள்ளாகிறது, சாதியும் வகுப்பு முழுக்கத் தெரிந்துபோகிறது. உட்கார்ந்திருந்தால் விசுவாசத்தை மறைக்க வேண்டியிருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிற அதே மணி, இந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறது.

மடத்துப் பள்ளியில் வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு நடப்பு, தலித் பிள்ளைக்கு ஒரு நடப்பு என்பதை 1992லேயே 'கருக்கு'வில் உள்ளிருந்து எழுதிவிட்டார் பாமா. சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது 2016இல். இதற்கிடையே 2014இல், கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சத இடம் அப்பள்ளிகளுக்குக் கடமையில்லை என்றாகிவிட்டது. 2025இல் இன்னொரு அமர்வு அத்தீர்ப்பைச் சந்தேகித்துப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விட்டது.

30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்துத்துவம் பறிக்கப் பார்க்கிற உரிமை அது. ஆனால் எந்தச் சிறுபான்மைக்கு? சிறுபான்மைக்குள் பெரும்பான்மையாக இருக்கிற தலித் கத்தோலிக்கரின் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடமும் கட்டணச் சலுகையும் இல்லையென்றால், உரிமை நிர்வாகத்தின் சொத்தாகச் சுருங்கிப்போகும். பள்ளியின் விசுவாச வாழ்வைத் தேடுகிறவர்கள் சிற்றாலயத்துக்குப் போகுமுன் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.