ஒகேனக்கல் பாறைக்கு எந்த நாற்காலி?

மடக்கு நாற்காலி வாங்கப் போனால் எல்லோரும் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் சுற்றுகிறவர்கள் அதற்கும் முன்னால் அதன் கால்களைக் குனிந்து பார்க்க வேண்டும். ஒகேனக்கல்லில் தண்ணீர் தேய்த்து வழவழப்பாக்கிய பாறை, ஆற்றோரம் மணல், வத்தல்மலைக்குப் போனால் சரிவு. கடையின் டைல்ஸ் தரையில் அசையாமல் நிற்கும் நாற்காலி இங்கே வந்ததும் ஆடத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, இங்கே நாற்காலிக்கு வேலை பெரும்பாலும் பகலில்தான். இந்த மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022-ல் வந்த காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் இருக்கிறது. யானை நடமாடும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போடக் கூடாது. ஆகவே வெயிலில் முதுகு வேகாத நாற்காலி வேண்டும். முதுகுப் பக்கம் வலைத்துணி உள்ளதையே எடுங்கள். கெட்டித் துணி அரை மணி நேரத்தில் வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது.

நான் அதிகம் பயன்படுத்தியது அலுமினியக் குழாய் நாற்காலி. குழாய்களுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு அவற்றைத் தானாகவே இழுத்துப் பொருத்திவிடும். பிறகு துணியின் நான்கு மூலைகளையும் குழாய் முனைகளில் மாட்ட வேண்டும். நான்காவது மூலைக்குக் கொஞ்சம் பலம் தேவை. இந்த வகையைப் பரவலாக்கிய கொரிய நிறுவனமான ஹெலினாக்ஸின் 'சேர் ஒன்' ஒரு கிலோவுக்கும் குறைவு; 145 கிலோ வரை தாங்கும் என்கிறது நிறுவனம். பேருந்திலோ பைக்கிலோ போகிறவர்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை. ஆனால் இவ்வகையின் மெல்லிய கால்கள் மணலில் புதையும். பழைய டென்னிஸ் பந்தில் துளையிட்டு ஒவ்வொரு காலிலும் செருகினால் போதும். பாறையில் ரப்பர் முனைதான் பிடிமானம். அது தேய்ந்திருந்தால் ஈரப் பாறைப் பக்கம் போகவே வேண்டாம்.

மேடுபள்ளத்தில் நிற்கும் நாற்காலியை நம் நாட்டில் அன்றே யோசித்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராணுவ முகாம்களுக்காக வந்த ரூர்க்கி நாற்காலியில் ஆணி, பசை எதுவும் கிடையாது. கால்களும் குறுக்குக் கட்டைகளும் துளைகளில் செருகியிருக்கும். கான்வாஸ் இழுத்துப் பிடிக்கும். மூட்டுகள் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதால் நான்கு காலும் தரையில் பதியும். டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933-ல் செய்த சஃபாரி நாற்காலிக்கு இதுவே முன்னோடி.

வீட்டுப் பெரியவர்களுக்கு அலுமினிய வகை வேண்டாம். அதன் இருக்கை மிகத் தாழ்வு. முட்டி வலிக்காரர் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். குடை போல் மடங்கும் இரும்பு நாற்காலி மூன்று, நான்கு கிலோ இருந்தாலும் உயரமானது, கைப்பிடியும் உண்டு. காரில் போகிற குடும்பத்துக்கு அதுதான் சரி. எதை வாங்கினாலும் கடையிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து, யார் துணையும் இல்லாமல் எழுந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.