பச்சை ஒளி எதற்குச் சாட்சி?

ஒரு செல்லுக்குள் எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்று பார்க்க, முன்பு பெரும்பாலும் அந்தச் செல்லைக் கொன்று சாயமேற்ற வேண்டியிருந்தது. ஜி.எஃப்.பி. எனப்படும் பச்சை ஒளிர்புரதம் அந்த நிலையை மாற்றியது. வட அமெரிக்காவின் மேற்குக் கடலோர ஜெல்லி மீனில் ஒசாமு ஷிமோமுரா கண்டறிந்த இப்புரதத்தை, 1994இல் மார்ட்டின் சால்ஃபி பாக்டீரியாவிலும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவிலும் ஒளிரவைத்தார். ரோஜர் சியென் அதன் ஒளியைக் கூட்டினார். மூவரும் 2008இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆராயும் மரபணுவோடு இப்புரதத்தின் மரபணுவை இணைத்துவிட்டால், அது வேலை செய்யும் செல் ஒளிரும். இம்முறையின் பலம் எளிமை. 238 அமினோ அமிலங்களாலான இப்புரதம் ஒளிரும் பகுதியைத் தனக்குள்ளேயே ஆக்கிக்கொள்கிறது. நீல ஒளி பட்டால், சுமார் 509 நானோமீட்டரில் பச்சையாக ஒளிரும். ஒரே செல்லை மணிக்கணக்கில் உயிரோடு பின்தொடரலாம்.

அந்த ஒளியை எண்ணாக மாற்றும்போதுதான் சிக்கல். கருவி அளப்பது ஒளியை. ஆய்வாளர் எழுதுவதோ மரபணுவின் செயலைப் பற்றி. ஒளிரும் பகுதி உருவாக ஆக்சிஜன் வேண்டும்; அது இல்லாத சூழலில் புரதம் இருந்தும் ஒளி இராது. அமிலத்தன்மை ஏறினால் ஒளி மங்கும். மரபணு அடங்கிய பிறகும் பழைய புரதம் சிதையாமல் நெடுநேரம் ஒளிரும். அடுப்பு அணைந்தபின் பானையின் சூட்டைத் தொட்டுப் பார்த்து, இன்னும் எரிகிறது என்று நம்புவதைப் போன்ற பிழை இது. செல்லில் இயல்பாகவே உள்ள ஃபிளேவின் சேர்மங்களின் பச்சையும் கணக்கில் கலந்துவிடும்.

அலகிலும் குறை உண்டு. கருவியின் பெருக்கத்தைக் கூட்டினால் எண்ணும் கூடும். ஓர் ஆய்வகத்தின் 5,000 இன்னோர் ஆய்வகத்தின் 5,000 ஆகாது. படத்தில் தெரியும் பச்சையும் பல நேரம் கருப்பு-வெள்ளைக் கேமரா பதிந்ததன்மேல் கணினி பூசியதே. 8 பிட் படத்தில் உச்ச அளவான 255ஐத் தொட்ட புள்ளிகளின் உண்மைப் பிரகாசம் தொலைந்துபோகிறது. கண்ணைப் பறிக்கும் படம் அளவீட்டுக்கு உதவாமல் போவது இப்படித்தான்.

இவற்றுக்கு மாற்று உண்டு. ஒளிர்புரதம் இல்லாத செல்களை அருகில் வைத்து அளக்கலாம். செறிவு தெரிந்த ஃபுளோரசீன் கரைசலால் கருவியை அளவுதிருத்தம் செய்யலாம். ஒளிபடும் நேரத்தையும் பெருக்கத்தையும் எழுதிவைக்கலாம். அரைநாள் உழைப்பில் முடியும் இவற்றைத் தவிர்ப்பதற்கு நியாயமில்லை. பச்சை ஒளி நல்ல சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் அதன் சொல்லை ஏற்றுத் தீர்ப்பு எழுதக் கூடாது.